முள்ளெலி அம்மாவின் வசனம்

ஏப்ரல் 27

இந்த டைரி மருந்து கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு மாத்திரை விளம்பரம். இன்றைய பக்கத்தில் வாயுத் தொல்லை. திண்டிவனத்தில் பதினோரு வருஷம் மருந்துக் கடையில் நின்றவளுக்கு இதைவிடப் பொருத்தமான டைரி எங்கே கிடைக்கும்? நான்கு மாதம் ஒன்றும் எழுதாமல் வைத்திருந்தேன். இன்றைக்கு எழுத விஷயம் வந்துவிட்டது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஜெசிந்தா. ஜனவரியில் கல்யாணம், முப்பத்தாறு வயதில். மாப்பிள்ளை மரியசூசை புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், பாரிசுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. மார்ச்சில் அவர் திரும்பிப் போய்விட்டார். முத்தியால்பேட்டை வீட்டில் நானும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் இருக்கிறோம். மதலேனுக்குப் பத்து வயது, லுசியனுக்கு ஆறு. அவர்களுடைய அம்மா ரொசாலி காலமாகி வருகிற ஜூனோடு இரண்டு வருஷம்.

ஆகஸ்டில் மூவரும் அவரிடம் போகிறோம். இன்று போனில் சொன்னார்: "ஜெசி, இங்க ஸ்கூல்ல ஜூலை மூணாந்தேதி வீடியோவுல புள்ளைங்க கூடப் பேசிப் பாப்பாங்களாம். ஓரளவு பிரெஞ்சு பேசினா ரெண்டு பேருக்கும் நம்ம தெரு ஸ்கூலே. இல்லன்னா, பெரிய வகுப்புங்கிறதால, மதலேன மட்டும் புதுசா வர்றவங்க வகுப்புக்கு வேற ஊருக்கு அனுப்பிடுவாங்க. பஸ்ல தனியா போய் வரணும்."

ஸ்பீக்கரில்தான் பேசிக்கொண்டிருந்தோம். மதலேன் தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். போன் வைத்த பிறகும் விடவில்லை. அவனுக்குக் கழுத்து வலித்திருக்கும்.

ஏப்ரல் 29

அவருடைய அக்கா பெர்னதெத் அண்ணி வந்திருந்தார். ஏற்பாடு செய்த பிரெஞ்சு டீச்சரையும் கூட்டி வந்தார். பிள்ளைகள் இரண்டும் ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் நல்லவர், நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "வேற யாரையாவது பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணி போகும்போது பிள்ளைகளிடம், "இவங்கள சித்தின்னு கூப்டுங்க, எத்தன வாட்டி சொல்றது" என்றார்.

இருவரும் என்னை எதுவும் கூப்பிடுவதில்லை. லுசியன் 'ஏங்க' என்பான். மதலேன் பக்கத்தில் வந்து நின்று இருமுவாள். சளி இல்லை, பார்த்துவிட்டேன். எனக்கென்ன? கடையில் 'ஹலோ' என்று கூப்பிட்டவர்களுக்கெல்லாம் பதினோரு வருஷம் மருந்து எடுத்துக் கொடுத்தவள்தானே நான்.

மே 2

சூசை ஒரு பொம்மைப் படம் அனுப்பியிருக்கிறார். ஐம்பத்திரண்டு பகுதி. கூட வேலை செய்கிறவரின் பிள்ளைகள் இதைப் பார்த்தே பேசக் கற்றுக்கொண்டார்களாம். அண்ணியிடம் சொன்னேன். "பொம்மப் படம் பாத்து பாஷை வரும்னா, நான் சீரியல் பாத்தே வக்கீலாயிருக்கணும்" என்றார். பதில் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. புது மருமகள்.

மே 6

படத்தில் ஒரு முள்ளெலிக் குடும்பம். சின்ன ரயில் நிலையத்தில் காபிக் கடை வைத்திருக்கிறது. அப்பா முள்ளெலி ஸ்டேஷன் மாஸ்டர். மூன்று குட்டிகள் தினம் எதையாவது தொலைக்கும், இல்லாவிட்டால் ரயிலைத் தவறவிடும். அம்மா முள்ளெலி கடையில் நின்றபடியே எல்லாவற்றையும் சரிசெய்யும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அழுகிற குட்டியிடம் அது ஒரே வசனம் சொல்லும். சூசையிடம் அர்த்தம் கேட்டேன். "அவசரமில்ல, எப்பவும் இன்னொரு ரயில் வரும்."

நான்கு நாளாகப் பார்க்கிறோம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். என்ன கற்றுக்கொண்டீர்கள் என்றால் லுசியன் "போன்ழூர்" என்றான். அந்த வணக்கம் எங்கள் பால்காரருக்கே தெரியும்.

மே 9

இட்லிக்கு ஊறப்போட மறந்தேன். ரவை உப்புமா. இருவருக்கும் பிடிக்கவில்லை, எனக்கும்தான்.

மே 14

டி.வி.யில் சத்தம் போய்விட்டது. படம் வருகிறது, ஒலி இல்லை. ரிப்பேர்க்காரர் நாளை வருவதாகச் சொன்னார். அவருடைய நாளை எந்த நாளை என்று தெரியவில்லை.

லுசியன் அழுதான். சரி, சும்மா பாரு என்று போட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போனேன். கூடத்திலிருந்து குரல் கேட்டது. சத்தம் வந்துவிட்டது என்று எட்டிப் பார்த்தால், லுசியன் பேசிக்கொண்டிருக்கிறான். குட்டி முள்ளெலி வாயைத் திறக்கும்போதெல்லாம் இவன் பிரெஞ்சில் பேசுகிறான். பத்து தடவை பார்த்த பகுதி. மூக்கைச் சிந்திக்கொண்டு, ஏற்ற இறக்கத்தோடு, மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டு.

கண்ணீரோடு கதவில் சாய்ந்து நின்றேன். வெங்காயம்.

மே 15

ரிப்பேர்க்காரர் வந்தார். "ஸ்பீக்கர் ஒயர்தாம்மா" என்று ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டார். அவர் போனதும் நானே சத்தத்தை அணைத்தேன்.

இனி இதுதான் முறை. ஒரு பகுதியைச் சத்தத்தோடு மூன்று தடவை பார்ப்பது. நான்காவது தடவை சத்தம் கிடையாது, நாம்தான் பேச வேண்டும். லுசியன் சின்னக் குட்டிகள் இரண்டும். பெரிய குட்டி மதலேன். அப்பா முள்ளெலியும் வருகிற போகிற பயணிகளும் நான், அதாவது தப்புத் தப்பாக. நான் பேசினால் லுசியன் உருண்டு சிரிக்கிறான். மதலேன்கூட இரண்டு தடவை உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மே 16

அம்மா முள்ளெலிக்கு ஆள் இல்லை. மதலேனை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மாட்டேன் என்று தலையாட்டினாள். அப்படியானால் நான் பேசட்டுமா என்றேன்.

"அது வேணாம்."

"அப்போ யார் பேசுறது?"

"யாரும் பேச வேணாம். அப்டியே ஓடட்டும்."

அப்படியே ஓடியது. குட்டி கேள்வி கேட்கிறது, அம்மா முள்ளெலி வாயை மட்டும் அசைக்கிறது, குட்டி அந்தப் பதிலுக்குப் பதில் சொல்கிறது. அந்த இடம் வரும்போது மூன்று பேரும் பேசாமல் இருக்கிறோம். தெருவில் ஐஸ் வண்டி மணி கேட்டது.

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. அப்பாவும் பயணிகளுமே எனக்கு அதிகம்.

மே 23

இருபது பகுதி முடித்தோம். மதலேன் வேகமாகப் பிடித்துக்கொள்கிறாள். நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கிறாள். நேற்று தம்பியைத் திட்டியதுகூட பிரெஞ்சில்தான், பெரிய குட்டி முள்ளெலியின் வசனம் ஒன்று. அவனும் சின்னக் குட்டியின் வசனத்தால் திருப்பிக் கொடுத்தான். சண்டை இவ்வளவு சந்தோஷம் கொடுக்கும் என்று எனக்குத் தெரியாது.

அண்ணி வந்து உட்கார்ந்து ஒரு பகுதி பார்த்தார். "ஏன், அந்தப் பொம்பள முள்ளெலி மட்டும் ஊமையா?" என்றார். நான் காபி போட எழுந்து போனேன்.

ஜூன் 3

பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கினேன். இரண்டு மணி நேரம் வரிசை. லுசியனுடைய பிறந்த தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள், திருத்த இன்னும் ஒரு மணி நேரம். விண்ணப்பத்தில் 'மாணவருக்கு உறவு' என்று ஒரு கட்டம். அதை மட்டும் கடைசியில் நிரப்பினேன். 'பாதுகாவலர்.' தப்பில்லையே.

ஜூன் 9

மீன் மார்க்கெட்டுக்கு லுசியனைக் கூட்டிப்போனேன். சங்கரா பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் மீன்காரம்மாவின் முன்னால் கையை நீட்டி அதிகாரமாக ஏதோ கேட்டான்.

"இன்னாம்மா கேக்குது புள்ள?"

"டிக்கெட் கேக்குறான்."

"டிக்கெட்டா?"

"பிரெஞ்சுல. ரயில் டிக்கெட்."

அந்தம்மா கொஞ்சம் யோசித்தார். கூடையிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்து அவன் கையில் வைத்தார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மெர்சி மதாம்" என்று நன்றி சொல்லிக் கொடுத்துவிட்டான். திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தேன். வீட்டில் மதலேனிடம் சொன்னபோது அவளும் சத்தமாகச் சிரித்தாள். நான் சொல்லி அவள் சிரித்தது இதுதான் முதல் தடவை. இன்றைய பக்கத்து விளம்பரம் சத்து டானிக்.

ஜூன் 12

தோசை ஊற்றும்போது வாய் சும்மா இருப்பதில்லை. அம்மா முள்ளெலியின் வசனங்கள் எனக்கு எப்படியோ மனப்பாடமாகிவிட்டன. யாரும் பேசாததால் காதில் தங்கிவிட்டதோ என்னவோ. 'காபி வேண்டுமா மதாம்?' 'தொப்பி எங்கே வைத்தாய், யோசித்துப் பார்.' 'அழாதே, வா இங்கே.' அடுப்பைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிக்கொள்கிறேன். நாக்குக்குப் பயிற்சி. எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தத்தில் வெளியே கேட்காது.

ஜூன் 18

ரொசாலியின் ஆண்டு நினைவு. காலையில் கோவிலில் பூசை, பிறகு கல்லறை. மல்லிகையும் மெழுகுவத்தியும் நான்தான் வாங்கினேன். பெரிய மெழுகுவத்தி, காற்றுக்கு அணையாதது.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நான் நின்றுகொண்டேன். லுசியன் ஓடி வந்து கையை இழுத்தான். வெயில் தாங்காது, நீ போ என்றேன். வேப்பமரத்து நிழலில் நின்றுகொண்டு சொன்னேன். மதலேன் அங்கிருந்து திரும்பிப் பார்த்தாள். கல்லைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள், எழுத்து எழுத்தாக.

மாலையில் இன்றைக்குப் படம் வேண்டாம் என்று நினைத்தேன். அவர்களே போட்டார்கள், சத்தமில்லாமல். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். லுசியன் கேட்டான்: "அம்மா முள்ளெலி ஏன் பேச மாட்டுது? நான் பேசட்டா?"

"பேசாத. அது அம்மா டயலாக்கு" என்றாள் மதலேன். "அம்மாவுக்கு வச்சிருக்கு."

அரிசியை எத்தனை தண்ணீரில் களைந்தேன் என்று தெரியவில்லை. என்னைப் பிடிக்காமல் செய்கிறாள் என்றல்லவா நான் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வருத்தமில்லை என்று இதே டைரியில் எழுதியும் வைத்தேன். அந்த மௌனத்தில் அவள் ரொசாலிக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாள், பஸ்ஸில் துண்டு போட்டு வைப்பதைப்போல. அதில் நான் சமையலறையிலிருந்து திருட்டுத்தனமாக உட்கார்ந்திருக்கிறேன்.

இனி தோசை ஊற்றும்போது வாயைத் திறப்பதில்லை.

ஜூன் 19

திறக்கவில்லை.

ஜூன் 26

சூசை போனில் ஒத்திகை பார்த்தார். லுசியன் பயமில்லாமல் உளறினான். மதலேன் பெயர், வயது, பிடித்த சாப்பாடு எல்லாம் அழகாகச் சொன்னாள். பிறகு அவர் பிரெஞ்சில், வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். அவரும் ஏதோ புரிந்தவராக வேறு கேள்விக்குப் போனார்.

பிறகு என்னிடம், "நல்லாத்தான் பேசுது. கவலப்படாத" என்றார்.

நான் கவலைப்படுகிறேன். அந்தக் கேள்வியை அவர்கள் கேட்பார்கள். வேறு ஊர், பஸ், தனியாக. இந்தப் பிள்ளை தம்பியின் காலரைப் பிடிக்க முடியாத ஓர் இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பயமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

ஜூன் 30

மதலேனுடைய நீல கவுனுக்குப் பித்தான் தைத்தேன். அவள் வந்து நின்று இருமினாள். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்று போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து, சமையலறை வாசலில் நின்று கேட்டாள்: "தோச ஊத்தும்போது ஏன் ஃபேன் மட்டும் ஓடுது?"

கேள்வி விளங்கவில்லை. ஃபேன் ஓடாவிட்டால் புகையும் என்றேன்.

ஜூலை 3

மத்தியானம் ஒன்றரை மணி. அங்கே காலை பத்து. அண்ணியின் லேப்டாப்பை மேசையில் வைத்தோம். பெரியவர்கள் குறுக்கே பேசக் கூடாது என்று முன்பே எழுதியிருந்தார்கள். நான் திரைக்குப் பின்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரியும், கேள்வி கேட்கும் பள்ளிக்கூட மதாமுக்கு நான் தெரிய மாட்டேன். அண்ணி உள்ளறையில் ஜெபமாலையோடு இருந்தார்.

முதலில் லுசியன். போன்ழூர் சொன்ன கையோடு டிக்கெட்டைக் காட்டச் சொல்லிவிட்டான். எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பக்கம் காகிதம் சரசரத்தது. "ஆ, சரியாக இருக்கிறது, ஏறலாம்" என்றான் இவன். மதாம் ஏதோ காகிதத்தைக் காட்டியிருக்கிறார். அதன்பின் இருவரும் ரயிலில் எங்கெங்கோ போனார்கள்.

அடுத்தது மதலேன். பெயர், வயது. என்ன பிடிக்கும், கணக்கு. யாருடன் விளையாடுவாய், தம்பியோடு. பிறகு மதாம் கேட்டார்: "உன் அம்மா என்ன செய்கிறார்?"

மதலேன் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள். உதடு மட்டும் அசைந்தது. கை பக்கத்தில் லுசியனின் காலரைத் தேடியது. அவன் எழுந்து போய்விட்டிருந்தான்.

நான் பேசக் கூடாது என்று எனக்குத் தெரியும். அது யாருடைய வசனம் என்றும் தெரியும். ஆனால் பேசிவிட்டேன். தோசைக்கல் முன்னால் சொன்னதைப்போலவே, மெதுவாக, பிரெஞ்சில். "அவசரமில்லை, எப்போதும் இன்னொரு ரயில் வரும்."

மதலேன் என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். நின்று நின்று, சின்னச் சின்ன வாக்கியமாக. ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது.

"என் அம்மா பெயர் ரொசாலி. அவர் இறந்துவிட்டார். கேக் நன்றாகச் செய்வார். இப்போது வீட்டில் ஜெசிந்தா இருக்கிறார். அவர் மருந்து விற்றார். சமையலறையில் முள்ளெலி அம்மாவின் குரலில் பேசுவார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். இப்போது பதினைந்து நாளாகப் பேசுவதில்லை. ஏன் என்று தெரியவில்லை."

மதாம், சற்று முன் பேசியது அவர்தானா, கூப்பிடு என்றார். நான் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். கண்ணாடி போட்ட, குட்டை முடிக்காரர். போன்ழூர் மதாம் என்றேன். அடுத்து என்ன பேசுவது? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டேஷன் காபிக் கடைப் பேச்சு. "காபி வேண்டுமா மதாம்?" என்று கேட்டுவிட்டேன்.

"வேண்டும், நன்றி" என்றார் அவர். "சர்க்கரை இல்லாமல்."

உள்ளறையில் அண்ணி சிரிப்பை அடக்க முடியாமல் இருமிக்கொண்டிருந்தார். அந்த அளவுக்குப் பிரெஞ்சு அவருக்கும் தெரியும்.

ஜூலை 4

சூசை கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் தெரு ஸ்கூல்தான். "அந்த மதாம் என்கிட்ட, உங்க மனைவியும் சேருறாங்களான்னு கேட்டாங்க" என்று சிரித்தார். லுசியன் கட்டிலில் ஏறிக் குதித்தான். மதலேன் குதிக்கவில்லை. போன் முடியும்வரை பிடித்திருந்த அவன் காலரை விட்டுவிட்டு வெளியே போய் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். யாரும் சொல்லாமல்.

அண்ணி வீட்டிலிருந்து இறால் குழம்பு வந்தது. "பொம்மப் படத்துக்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஐந்து மணிக்கு வழக்கம்போல மூன்று பேரும் உட்கார்ந்தோம். முப்பத்தெட்டாம் பகுதி, நான்காம் தடவை, சத்தமில்லாமல். சின்னக் குட்டி குடையைத் தொலைத்துவிட்டு அழுகிறது. லுசியன் நன்றாக அழுதான். அம்மா முள்ளெலி கடையிலிருந்து எட்டிப் பார்த்து வாயைத் திறந்தது. நான் வழக்கம்போல விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருமல் கேட்டது.

"சித்தி. உங்க டயலாக்கு."

"அது அம்மாவோடதாச்சே" என்றேன்.

"அம்மாவுக்கு பிரெஞ்சு தெரியாது" என்றாள் மதலேன், டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்காமல். "எவ்ளோ நாளா சும்மா உக்காந்திருக்காங்க. நீங்க பேசுங்க, அவங்க கேக்கட்டும்."

முப்பத்தெட்டு பகுதி வசனமும் எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்போது தொண்டையிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. படத்தில் அம்மா முள்ளெலி பேசி முடித்துவிட்டது, குட்டி குடையோடு ரயில் ஏறிவிட்டது. நான் வாயை அசைத்துக்கொண்டிருக்கிறேன்.

மதலேன் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள். என் கையில் தன் கையை வைத்து, பிரெஞ்சில், அம்மா முள்ளெலி சொல்கிற அதே நிதானத்தில் சொன்னாள்: "அவசரமில்லை, எப்போதும் இன்னொரு ரயில் வரும்."

பிறகு பின்னால் ஓட்டி, குடை தொலைந்த இடத்திலிருந்து மறுபடி போட்டாள். லுசியன் மறுபடி அழுதான். நான் பேசினேன்.